இடைத்தரகர் போயிட்டார், அவர் வேலை போகல

"இடைத்தரகரே இல்லையே, அப்புறம் ஏன் சார் தக்காளி முப்பது ரூபா? வெளிய இருபதுக்குத் தர்றான்."

திண்டுக்கல்லுல நாங்க ஆறு குடும்பம் சேர்ந்து நடத்துற கடையில வாரம் பத்துப் பேராவது இதைக் கேட்கறாங்க. கேட்கிறவங்க கெட்டவங்க இல்ல. படிச்சவங்க, விவசாயி மேல பிரியம் உள்ளவங்க. அதனாலதான் எனக்கு இன்னும் கோபம் வருது.

மொதல்ல கணக்கைப் பாருங்க. ஒரு சனிக்கிழமை முப்பது கிலோ தக்காளி வந்துச்சு. எடுத்த குடும்பத்துக்கு கிலோவுக்கு இருபது வச்சு 600 ரூபா கொடுத்தாச்சு. வித்தது இருபத்திநாலு கிலோ, 720 ரூபா. மீதி ஆறு கிலோ நசுங்கிப் போயி மாட்டுக்குப் போச்சு. ஆக தக்காளியில கடைக்கு நின்னது 120 ரூபா. கடை வாடகை, குட்டியானை வாடகை, எடை போடுற பொண்ணோட சம்பளம் எல்லாம் இந்த மாதிரி சில்லறையிலதான் வரணும். காலையில நாலு மணிக்கு எழுந்து சொத்தை பொறுக்குற என் வீட்டுக்காரிக்குச் சம்பளம் இதுவரைக்கும் எழுதினதே இல்ல.

மண்டிக்காரரை நீங்க எல்லாரும் திட்டறீங்க. நானும் திட்டியிருக்கேன். நூத்துக்குப் பத்து கமிஷன் பிடிப்பார், எடையில கழிப்பார். ஆனா நான் ரெண்டு பெட்டி கொண்டு போனாலும் எடுப்பார், இருபது பெட்டி கொண்டு போனாலும் எடுப்பார். மூத்த பொண்ணு கல்யாணத்தப்ப அரை மணி நேரத்துல பணம் எண்ணிக் கொடுத்தவர் அவர்தான். எங்க கடையால அது முடியாது. அவர் செஞ்ச வேலைய இப்ப நாங்க செய்யறோம், அவர் அளவுக்கு நல்லாவும் செய்யல. ஆள் போனா செலவும் போயிடும்னு யார் உங்களுக்குச் சொன்னது?

உழவர் சந்தைக்குப் போகலாமேன்னு சிலர் யோசனை சொல்றாங்க. 1999ல மதுரையில ஆரம்பிச்ச நல்ல திட்டம் அது, குறை சொல்ல மாட்டேன். ஆனா அங்க அட்டை வாங்குன விவசாயி தானே உட்கார்ந்து விக்கணும். நான் அங்க தராசு பிடிச்சா தோட்டத்துல தண்ணி யார் கட்டுறது?

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். 2023 ஜூலை ஞாபகம் இருக்கா? தக்காளி நூறைத் தாண்டுச்சு. அரசாங்கம் சென்னை ரேஷன் கடைகள்ல 60 ரூபாய்க்கு வித்துச்சு. டிவியில காலை, மதியம், ராத்திரி தக்காளிதான். அந்த மாசம் எங்க குடும்பங்களுக்கு மண்டியில எண்பதை ஒட்டிக் கிடைச்சிருக்கும். ஆனா கடைக்கு 45க்குக் கொடுத்தாங்க. நாங்க 60க்கு வித்தோம். ஏன்னா நாங்க பேசி வச்ச ஒப்பந்தம் அப்படி. ஏறும்போது ரொம்ப ஏத்த மாட்டோம், இறங்கும்போது இருபதுக்குக் கீழ வாங்க மாட்டோம்.

அந்த ஜூலையில கடை வாசல்ல வரிசை நின்னுச்சு. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டாங்க. "விவசாயிதான் சார் கடவுள்"னு ஒருத்தர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார். செப்டம்பர்ல எங்க பக்கம் மண்டி விலை பத்துப் பன்னெண்டுக்கு விழுந்துச்சு. நாங்க சொன்ன வாக்குப்படி இருபதுக்கு எடுத்து முப்பதுக்கு வச்சோம். வரிசையக் காணோம். கையைப் பிடிச்ச அந்த சாரு எதிர்த்த தள்ளுவண்டியில வாங்கிட்டு எனக்கு வணக்கம் வேற வச்சுட்டுப் போனார்.

விக்காத தக்காளிய எங்ககிட்ட யார் எடுப்பா? முப்பது கிலோ எடுத்த இடத்துல பத்து கிலோ போதும்னு குடும்பங்ககிட்ட நானேதான் போன் போட்டுச் சொன்னேன். வாய் கூசுச்சு.

போன மாசம் மறுபடியும் விலை விழுந்துச்சு, மறுபடியும் அதே கதை. என் மச்சினன் வந்து சாவியத் திண்ணையில வச்சான். "மாமா, ஏறும்போதும் நான்தான் விட்டுக் கொடுக்கணும், இறங்கும்போதும் நான்தான் வீட்டுல வச்சு அழுகவிடணுமா? வாக்கு உங்களுக்கும் எனக்கும் மட்டும்தானா, வாங்குறவங்களுக்குக் கிடையாதா?"ன்னு கேட்டான். எனக்குப் பதில் இல்ல. இப்ப அவன் மண்டிக்குத்தான் போடறான். பெட்டிக்கு என்ன கிடைக்குதோ அது. பொண்டாட்டி காலையில ஆறு மணி வரைக்கும் தூங்குறான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னான்.

அதனால உங்ககிட்ட நன்கொடை கேட்கல, பரிதாபமும் கேட்கல. "விவசாயியக் காப்பாத்துவோம்"னு ஸ்டிக்கர் ஒட்டவும் வேண்டாம். ஜூலையில எங்ககிட்ட 60க்கு வாங்கினீங்கன்னா, செப்டம்பர்ல 30க்கும் வாங்குங்க. முடியாதுன்னா ஜூலையிலயும் தள்ளுவண்டிக்கே போங்க, நாங்களும் எண்பதுக்கு மண்டியில போட்டுக்கறோம். ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சம்மதம். நல்ல விலைக்கு மட்டும் சொந்தம் கொண்டாடறதுதான் சம்மதமில்ல.

இந்தச் சனிக்கிழமையும் காலையில ஆறரைக்குக் கடை திறந்திருக்கும். இப்ப அஞ்சு குடும்பம். தக்காளி, கொத்தவரை, முருங்கை வரும். புடலங்காயும் வரும், ஆனா வளைஞ்சுதான் இருக்கும். பிஞ்சுக்குப் பிஞ்சு கல்லைக் கட்டித் தொங்கவிட இந்த வருஷம் ஆள் கிடைக்கல.