புகையும் ஒரு முதலாளிதான்!

தோழர்களே!

சம்பள நாளன்று கைக்கு வரும் பணத்தில் ஒரு வெள்ளி குறைந்தாலும் நாம் சும்மா இருப்பதில்லை. கிராணியிடம் கணக்குக் கேட்கிறோம். அங்கே முடிவு கிடைக்காவிட்டால் சங்கத்துக்கு வருகிறோம். கேட்க வேண்டியதுதான்! உழைத்தவன் கூலியை எண்ணி வாங்குவது அவன் உரிமை. அந்த உரிமையைக் காக்கவே சங்கம் இருக்கிறது.

ஆனால் அதே கூலியில் பத்தில் மூன்று பங்கை மாதந்தோறும் ஒருவன் பிடித்துக்கொண்டு போகிறான். அவனிடம் நாம் கணக்குக் கேட்டதுண்டா? அவனைக் கண்டித்து ஒரு தீர்மானமாவது போட்டதுண்டா? இல்லை. கடை தேடிப்போய் நம் கையாலேயே கொடுத்துவிட்டு வருகிறோம். யார் அவன்? சிகரெட் முதலாளி!

மிகையாகச் சொல்கிறோம் என்று நினைப்பவர்கள் பென்சிலை எடுங்கள். 2025இல் நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. பேர்பெற்ற சிகரெட் பெட்டி ஒன்று 17 வெள்ளிக்குக் குறைந்து கிடைப்பதில்லை. நாளுக்கு ஒரு பெட்டி என்றால் மாதத்துக்கு 510 வெள்ளி. 30 நாள் சம்பளத்தில் 9 நாள் சம்பளம்! நாம் எத்தனை மகாநாடு கூட்டி, எத்தனை முறை பேச்சுவார்த்தை மேசையில் உட்கார்ந்து, எத்தனை ஆண்டு காத்திருந்து சம்பள உயர்வு பெறுகிறோம்! பெற்றதைப் புகையாக ஊதிவிட்டுப் பிள்ளையின் பள்ளிச் செலவுக்குக் கடன் வாங்குகிறோம். "நான் கடத்தல் சிகரெட்தான் வாங்குகிறேன், அது மலிவு" என்று சொல்லும் தோழரும் உண்டு. விலை மலிவாக இருக்கலாம். நுரையீரலுக்கு அந்தத் தள்ளுபடி தெரியாது!

அன்று நாம் நினைத்தது

பழியை எல்லாம் பிறர் தலையில் போட நாம் விரும்பவில்லை. நம் பங்கையும் ஒப்புக்கொள்கிறோம். அந்தக் காலத்தில் புகை என்பது தோட்டத்தில் மரியாதையின் அடையாளமாக இருந்தது. துரை வாயில் பைப், கிராணி விரலில் சிகரெட், தொழிலாளி உதட்டில் சுருட்டும் பீடியும். படிப்படியாக உயர்ந்தவன் புகையிலும் உயர்ந்தான். கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டோடு சிகரெட் டின்னையும் நீட்டினோம். நீட்டாத வீட்டைக் கஞ்ச வீடு என்று பேசினோம். விடியுமுன் பெரட்டுக்கு நிற்கும்போது குளிருக்கு ஒன்று. நிரையில் கொசுவுக்கு ஒன்று. மரம் சீவி முடித்துப் பால் வடியும்வரை காத்திருக்கையில் ஒன்று. பால் நிறுத்து முடிந்ததும் அலுப்புக்கு ஒன்று. நம் சங்கக் கூட்டங்களிலேயே புகை மண்டியிருக்கும். பேசுகிறவர் முகம் பின்வரிசைக்குத் தெரியாது. தொழிலாளிக்கு இருக்கிற ஒரே இன்பம் அதுதானே என்று நாமும் வாளாவிருந்தோம்.

இதே பேச்சை நம் முன்னோர் வேறொன்றைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கள்! உழைத்துக் களைத்தவனுக்குக் கள் ஆறுதல், அதைப் பறிக்காதே என்றார்கள். 1947இல் கெடாத் தோட்டங்களில் தொண்டர் படையினர் அந்தப் பேச்சை ஏற்கவில்லை. கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். போலீஸ் தடியையும் சிறையையும் கண்டார்கள். அவர்கள் குடிகாரனை அடிக்கப் போகவில்லை. அவனைக் குடிக்க வைத்துப் பிழைத்த ஏற்பாட்டைத்தான் எதிர்த்தார்கள். அந்தப் பாடத்தை நாம் மறக்கலாமா?

மறைத்தவர் யார்?

"புகை கெடுதி என்று அன்று யாருக்குத் தெரியும்?" என்று கேட்கலாம். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது! டால், ஹில் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950இலேயே பிரிட்டிஷ் மருத்துவ ஏட்டில் எடுத்துக் காட்டினார்கள். டால் அந்த ஆராய்ச்சியின்போதே தம் சிகரெட்டை விட்டுவிட்டார். 1962இல் லண்டன் ராயல் மருத்துவர் கல்லூரியும், 1964இல் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவரும் அதையே அறிக்கையாக வெளியிட்டார்கள்.

சிகரெட் முதலாளிகள் என்ன செய்தார்கள்? பல சங்கங்கள் ஒன்றுகூடி நம் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது 1954இல். அதே 1954 ஜனவரியில் அமெரிக்கச் சிகரெட் கம்பெனிகளும் ஒன்றுகூடின! நூற்றுக்கணக்கான பத்திரிகைகளில் பெரிய விளம்பரம் போட்டன. உங்கள் உடல்நலமே எங்களுக்கு முதன்மை, எங்கள் சரக்கு தீங்கு செய்யாதென்று நம்புகிறோம் என்றன. நாம் கூலிக்காக ஒன்றுசேர்ந்தோம்; அவர்கள் பொய்க்காக ஒன்றுசேர்ந்தார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2006இல், அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அந்தக் கம்பெனிகள் ஐம்பது ஆண்டுகளாக மக்களை ஏமாற்றின என்று தீர்ப்பளித்தது. அந்த ஐம்பது ஆண்டுகளில் நம் லயங்களிலிருந்து இருமியபடியே சுடுகாட்டுக்குப் போனவர்களுக்கு எந்த நீதிமன்றம் நஷ்டஈடு கொடுக்கும்?

டால் பிரிட்டிஷ் மருத்துவர்களை ஐம்பது ஆண்டு தொடர்ந்து கவனித்த முடிவு 2004இல் வந்தது. வாழ்நாள் முழுதும் புகைத்தவர்கள் சராசரி பத்து ஆண்டு முன்னதாகவே இறந்தார்கள். தோழர்களே, இந்தப் பத்து ஆண்டு எவை? சேமநிதிப் பணம் கைக்கு வந்து, பேரப்பிள்ளைகளோடு உட்காரும் ஆண்டுகள்! ஆயுள் முழுதும் உழைத்தவன் ஓய்வெடுக்க வேண்டிய காலத்தைத்தான் இவன் திருடுகிறான்.

மாறியது பாதி

காலம் மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. சிங்கப்பூர் 1970இலேயே பஸ்ஸிலும் படக்கொட்டகையிலும் புகைப்பதைத் தடுத்தது. நம் நாட்டில் 2009 முதல் பெட்டியின்மேல் அழுகிய நுரையீரலின் படம் வந்தது. 2019 ஜனவரி 1 முதல் சாப்பாட்டுக் கடையில் புகைக்கக் கூடாது என்றானது. பெரியவர்களில் புகைப்போர் 2015இல் நூற்றுக்கு 23 பேர் அளவில் இருந்தார்கள். 2023இல் ஏறக்குறைய 19 ஆனார்கள். நல்லதே!

ஆனால் இந்த மாற்றத்தோடு ஒரு கோணலும் வந்திருக்கிறது. நேற்றுவரை சிகரெட் டின்னை நீட்டிய பெரிய மனிதர்கள் இன்று புகைக்கும் தொழிலாளியைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிறார்கள். "படிக்காதவன், சொன்னால் கேட்கமாட்டான்" என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: பந்தாட்டத் திடலில் சிகரெட்டின் பெயரை எழுதி வைத்தவன் இவனா? வீரனுக்கு அழகு சிகரெட் என்று விளம்பரம் செய்தவன் இவனா? பதினைந்து வயதில் பிடித்துக்கொண்ட பழக்கத்தை நாற்பது வயதில் விட முடியாமல் தவிப்பவனை ஏசுவது எளிது. நிக்கோட்டின் என்பது மனிதனை அடிமையாக்கும் பொருள். அடிமையை ஏசுகிறவன் எஜமானனைத் தப்பவிடுகிறான்!

தப்பவிட்ட கதையை இதோ கேளுங்கள். 2023 மார்ச் 31ஆம் நாள் வேப் திரவத்திலுள்ள நிக்கோட்டினை அரசாங்கம் விஷப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. மறுநாளே மில்லிலிட்டருக்கு 40 காசு வரி வந்தது. ஆனால் சிறுவர்களுக்கு அதை விற்கக் கூடாது என்னும் புதிய சட்டம் நடப்புக்கு வந்தது 2024 அக்டோபர் 1ஆம் நாள்! வரி வாங்க ஒரே நாள் போதும்; பிள்ளையைக் காக்கப் பதினெட்டு மாதம் வேண்டும். இதுதான் நியாயமா?

அந்தச் சட்டமாவது முழுசாக வந்ததா? 2007 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு என்றைக்கும் சிகரெட் விற்கக் கூடாது என்று 2022இல் மசோதாவில் எழுதியிருந்தார்கள். 2023 நவம்பரில் நாடாளுமன்றத்தில் மசோதா நிறைவேறியபோது அந்தப் பிரிவு காணாமற்போயிருந்தது. வயதைக் கொண்டு மக்களைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாது என்று காரணம் சொன்னார்கள். சின்னஞ்சிறு மாலத்தீவோ அதே 2007 ஜனவரி 1ஐ வரம்பாக வைத்து 2025 நவம்பர் 1 முதல் அதை நடத்திக் காட்டியது. நாம் எழுதிய சட்டத்தை நாம் கைவிட்டோம், அயலான் எடுத்துக்கொண்டான்!

"என் காசு, என் உடம்பு"

"சங்கம் கூலியைப் பார்க்கட்டும், என் காசு, என் உடம்பு, இதில் தலையிட நீங்கள் யார்?" என்று சில தோழர்கள் கோபிக்கிறார்கள். கோபத்தை மதிக்கிறோம். ஆனால் லயத்து அறையில் நீங்கள் விடும் புகை உங்களோடு நிற்கிறதா? தொட்டிலில் கிடக்கும் குழந்தையும் அதைத்தான் இழுக்கிறது. உலகில் ஆண்டுதோறும் புகையிலையால் மாண்டுபோகும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் தாமே புகைக்காதவர்கள். விரும்பித் தேர்ந்தெடுத்தது என்றால், நினைத்த நாளில் விட முடிய வேண்டும். உங்களால் முடிகிறதா? முடியவில்லை என்றால் அதன் பெயர் உரிமையா?

நம் தாய்மார்களுக்கும் ஒரு சொல். வாயில் புகை இல்லையென்றால் தீங்கில்லை என்று எண்ணாதீர்கள். வெற்றிலையோடு அடக்கும் புகையிலையும் புற்றுநோய் தருவதே. நம் நாட்டில் மற்ற இனத்தாரைவிட இந்தியர்களிடையே, சிறப்பாகப் பெண்களிடையே, வாய்ப்புற்று அதிகம் என்பதை மருத்துவர்கள் பல்லாண்டாகச் சொல்லி வருகிறார்கள். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ கண்டால், அடுத்த சம்பளம் வரட்டும் என்று காத்திராமல் கிளினிக்குக்குப் போங்கள்.

செய்ய வேண்டியவை

வெறும் உபதேசத்தோடு நிறுத்த நாம் எழுதவில்லை. கோரிக்கையாகவே வைக்கிறோம்.

முதலாவது, நமக்கு நாமே: சங்க அலுவலகத்திலும் கிளைக் கூட்டத்திலும் புகைக்கும் பேச்சே கூடாது. தலைவர்களே வெளியே எறிந்துவிட்டு உள்ளே வரட்டும்.

இரண்டாவது, நிர்வாகத்துக்கு: அரசாங்கக் கிளினிக்குகளில் புகைப்பழக்கத்தை விட உதவி தருகிறார்கள், மருந்தும் ஆலோசனையும் உண்டு. அங்கே போக விரும்பும் தொழிலாளிக்குச் சம்பளம் பிடிக்காமல் நேரம் கொடுக்க வேண்டும். அந்நிய நாட்டிலிருந்து வந்து நம்மோடு உழைக்கும் தோழர்களுக்கும் அதே உரிமை வேண்டும்.

மூன்றாவது, அரசாங்கத்துக்கு: கைவிட்ட பிரிவை ஒவ்வாமை நீக்கித் திரும்பக் கொண்டுவர வேண்டும். நம் பிள்ளைகளை இந்த முதலாளிக்குப் பேரெழுதிக் கொடுக்க நாம் சம்மதிக்கவில்லை!

கிராணிமார் தோழர்களே, படிக்கத் தெரியாதவருக்கு மனு எழுதிக் கொடுத்த உங்கள் கைகளுக்கு இங்கேயும் வேலை இருக்கிறது. கிளினிக்குக்கு முதலில் நீங்கள் போங்கள். போகும்போது இன்னொருவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

"வயதாகிவிட்டது, இனி என்ன?" என்று சோர வேண்டாம். டால் கண்ட கணக்கே சொல்கிறது: ஐம்பதில் விட்டவர் இழக்கவிருந்த ஆயுளில் ஆறு ஆண்டை மீட்டார், அறுபதில் விட்டவரும் மூன்று ஆண்டை மீட்டார். முதல் சில நாள் கடுமைதான். ஒருமுறை தோற்றால் மறுமுறை முயலுங்கள். ஒரே பேச்சுவார்த்தையில் நாம் எந்தச் சம்பள உயர்வைப் பெற்றோம்?

கங்காணியின் பிடியிலிருந்து மீண்டோம். கள்ளுக்கடைக் கடனிலிருந்து மீண்டோம். மீளவேண்டிய முதலாளி இன்னும் ஒருவன் நம் சட்டைப் பையிலேயே உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு நோட்டீஸ் கொடுப்போம்!

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!