சமூகவியல் கல்வியும் சப்ரகமுவ தோட்டங்களும்

சமகால சமூகப் பிரச்சினைகள் எவை என்று பல்கலைக்கழக சமூகவியல் மாணவரிடம் கேட்டால், வறுமை, பாடசாலை இடைவிலகல், மதுப்பாவனை, இளவயதுத் திருமணம் என்று ஒரு பட்டியல் உடனே கிடைக்கும். அப்பட்டியல் பிழையானதல்ல. ஆயினும், அப்பிரச்சினைகள் எங்கே, எவரிடத்தில், எக்காரணங்களால் செறிந்துள்ளன என்பதை ஆராயும்போதே சமூகவியல் தனது பணியைத் தொடங்குகின்றது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் பெருந்தோட்டங்கள் அத்தகைய ஆய்வை வேண்டி நிற்கின்றன. மலையகம் என்றதும் நுவரெலியாவும் ஹட்டனுமே பலரது நினைவுக்கு வருகின்றன. அங்கு தமிழ் மக்கள் செறிந்து வாழ்கின்றனர். சப்ரகமுவவிலோ இறப்பர், தேயிலைத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. 1981ஆம் ஆண்டின் வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்ட மக்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். சிதறி வாழும் சிறுபான்மை என்ற நிலையே அவர்களது பிரச்சினைகளை வெளியுலகின் பார்வையிலிருந்து மறைத்து வந்துள்ளது.

அரசாங்கப் புள்ளிவிபரங்களும் இம்மறைவுக்குத் துணைபோகின்றன. குடிசனமதிப்பீட்டில் தோட்டத்துறை என்பது இருபது ஏக்கருக்குக் குறையாத நிலப்பரப்பும், குறைந்தது பத்து வதிவிடத் தொழிலாளரும் கொண்ட தோட்டங்களையே குறிக்கின்றது. துண்டாடப்பட்ட சிறு தோட்டங்களில் வாழ்வோரும், கிராம எல்லையில் குடியேறியோரும் கிராமியத் துறைக்குள் அடங்கிவிடுகின்றனர். அவர்களது வருமானமும் கல்வியும் கிராமத்துச் சராசரியில் கரைந்து போகின்றன.

பல்கலைக்கழக அனுமதியிலும் இதே நிலைமையைக் காணலாம். கலைப்பிரிவு தவிர்ந்த பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டிலும், 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் இடமளிக்கும் முறை நீண்டகாலமாக நிலவி வந்துள்ளது. அப்பின்தங்கிய மாவட்டங்களுள் இரத்தினபுரி இடம்பெற்றது, கேகாலை இடம்பெறவில்லை. ஆனால், பின்தங்கிய நிலையை அளக்கும் அலகு மாவட்டமே அன்றித் தோட்டமல்ல. இரத்தினபுரி நகரின் வசதிமிக்க பாடசாலை மாணவரும், லயன் அறையிலிருந்து தோட்டப் பாடசாலைக்கு நடந்து செல்லும் மாணவரும் ஒரே ஒதுக்கீட்டுக்காகவே போட்டியிடுகின்றனர். சலுகை மாவட்டத்துக்குக் கிடைக்கலாம். அது தோட்டத்தைச் சென்றடையும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

தமிழ்மொழி மூலம் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளைக் கற்பிக்கும் பாடசாலைகள் இப்பிரதேசத்தில் அரிதாகவே உள்ளன. எனவே தோட்டத்துப் பிள்ளைகளில் பலருக்குக் கலைப்பிரிவு விருப்பத் தெரிவாக அன்றி, எஞ்சியிருக்கும் ஒரே வழியாகவே அமைகின்றது. கலைப்பிரிவுக்கோ அனுமதி அகில இலங்கைத் திறமை அடிப்படையிலானது. அத்தடையையும் தாண்டிப் பல்கலைக்கழகம் புகுந்து சமூகவியலைத் தெரிவுசெய்யும் மாணவர், பட்டம் பெற்றதும் வேலையற்ற பட்டதாரிகளின் வரிசையில் நிற்க நேர்கின்றது. அதனாலேயே இக்கல்வி பயனற்றது என்ற முடிவுக்குச் சிலர் வந்துவிடுகின்றனர்.

அம்முடிவு தவறானது. தனிமனிதரின் இடர்ப்பாட்டுக்கும் சமூகத்தின் பொதுப் பிரச்சினைக்கும் இடையிலான தொடர்பைக் காண்பதே சமூகவியல் பார்வை என்று அமெரிக்க அறிஞர் சி. ரைட் மில்ஸ் 1959இல் விளக்கினார். ஒரு தோட்டத்துச் சிறுமி பாடசாலையை விட்டு விலகுவது அக்குடும்பத்தின் அக்கறையின்மையாகவே பார்க்கப்படுகின்றது. அவளது பாடசாலைக்கான தூரம், தாயின் வேலைநேரம், ஆசிரியர் வெற்றிடம், மழைக்காலத்தில் பால்வெட்டு நின்று வருமானம் குன்றுவது ஆகியவற்றை ஒருங்கே ஆராய்ந்தால், அது தீர்க்கப்படக்கூடிய பொதுப் பிரச்சினையாகத் தெளிவுபெறும்.

இலங்கையில் சமூகவியல் பல்கலைக்கழகப் பாடமாக வேரூன்றி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. மூன்று தேயிலைத் தோட்டங்களின் சமூக அமைப்பை ஆராய்ந்த ஆர். ஜெயராமனின் நூல் 1975இல் வெளிவந்தது. அத்தகைய முன்மாதிரி இருந்தும், சப்ரகமுவவின் இறப்பர் தோட்டங்கள் ஆய்வாளரின் கவனத்தைப் போதியளவு பெறவில்லை. சப்ரகமுவ பல்கலைக்கழகமோ இரத்தினபுரி மாவட்டத்தின் பெலிஹுல்ஓயாவிலேயே அமைந்துள்ளது.

இறுதியாண்டு மாணவர்களின் ஆய்வுக் களமாக இத்தோட்டங்கள் தெரிவுசெய்யப்பட வேண்டும். ஆய்வுகள் தமிழிலும் சிங்களத்திலும் சுருக்கப்பட்டுப் பிரதேச செயலகங்களுக்கும் வலயக் கல்வி அலுவலகங்களுக்கும் கையளிக்கப்பட வேண்டும். தோட்டத்திலிருந்து வந்த மாணவர் அக்கள ஆய்வுகளில் முன்னிற்க வேண்டும். அம்மக்களின் மொழியும் வாழ்வும் அறிந்தவர் அவர்களே. சராசரிக் கணக்கில் மறைக்கப்பட்ட மக்களுக்கு நியாயம் கிடைப்பதற்கு, அவர்கள் முதலில் சரியாகக் கணக்கிடப்படுவது அவசியமாகும்.