பச்சையாகவே சாகும் செடிகள்: பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் கைகொடுக்குமா?

மலாக்கா: காலையில் பச்சைப் பசேலென்று நின்ற கத்தரிச் செடி நண்பகலில் தலை தொங்கிவிடும். தண்ணீர் ஊற்றினால் மாலையில் கொஞ்சம் நிமிரும். மூன்றாம் நாள் நிமிராது. இலை மஞ்சளாகப் பழுக்காது; பூச்சி கடித்த தடமும் இருக்காது. செடி பச்சையாகவே சாகும்.

ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் வீட்டின் பின்புறம் கத்தரி, தக்காளி, மிளகாய் போடுபவர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. வெயில், உரக் கோளாறு, கண்ணேறு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் மண்ணில் வாழும் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா. வேரில் உள்ள சிறு காயத்தின் வழியே உள்ளே நுழைந்து, தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகி, அவற்றை அடைத்துவிடுகிறது. மண் நனைந்திருந்தாலும் செடி தாகத்தில் சாகிறது. 200-க்கும் மேற்பட்ட தாவர வகைகளை இது தாக்கும். செடியைப் பிடுங்கி எறிந்த பிறகும் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

நாம் உண்ணும் மிளகாயில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருகிறது. விலை ஏறும்போதெல்லாம் ‘வீட்டிலேயே பயிரிடுங்கள்’ என்ற அறிவுரையும் வருகிறது. பயிரிட்டவர் செடி செத்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் தெளிவான பதில் வருவதில்லை. அந்தப் பதிலின் ஒரு பகுதியாக இப்போது உலகெங்கும் பேசப்படுவது, பாக்டீரியாவை மட்டும் தாக்கிக் கொல்லும் வைரஸ். இதற்கு ஃபேஜ் என்று பெயர்.

வாழையிலும் இதே எதிரி

ரால்ஸ்டோனியா குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு பாக்டீரியாதான் வாழையில் ‘இரத்த நோயை’ உண்டாக்குகிறது. இந்தோனேசியாவின் சுலாவெசி தீவில் முதலில் அறியப்பட்ட இந்நோய், பிறகு தீபகற்ப மலேசியாவுக்கும் வந்து சேர்ந்தது. வெளியே நன்றாகத் தெரியும் காயை வெட்டினால் உள்ளே செம்பழுப்பாக அழுகியிருக்கும். வாழைப்பூவை நாடி வரும் பூச்சிகள் இதைக் குலைக்குக் குலை கொண்டு போகின்றன. மனிதனின் கத்தியும் அதே வேலையைச் செய்கிறது.

இங்குதான் இந்தச் செய்தி நம் வீட்டு வாசலுக்கு வருகிறது. திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் குலையோடு வாழை மரம் வெட்டுகிறோம். விருந்துக்கு இலை அறுக்கிறோம். ஒரே பாராங் கத்தி ஒரு காலையில் பத்து வீட்டு வாழைக்குப் போகிறது. நோயுற்ற மரத்தில் பட்ட கத்தி, அடுத்த மரத்துக்கும் நோயை எடுத்துச் செல்கிறது.

பப்பாளி சொன்ன பாடமும் மறக்கக் கூடாதது. 2003-ஆம் ஆண்டு பக்கத்து ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட்டில் பப்பாளியின் நுனியைக் கருக்கும் பாக்டீரியா நோய் கண்டறியப்பட்டது. சில ஆண்டுகளில் அது மற்ற மாநிலங்களுக்கும் பரவி, ஏற்றுமதிக்குப் பேர் போன பப்பாளித் தோட்டங்களை அழித்தது. நோய் வந்த பிறகு மரங்களை வெட்டிப் புதைப்பதைத் தவிர விவசாயிகளுக்குப் பெரிதாக வழி இருக்கவில்லை.

நூறாண்டுப் பழைய யோசனை

1896-இல் இந்தியாவில் பணியாற்றிய எர்னஸ்ட் ஹான்கின் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், கங்கை, யமுனை ஆற்று நீரில் காலராக் கிருமியைக் கொல்லும் ஏதோ ஒன்று இருப்பதாக எழுதினார். 1917-இல் ஃபெலிக்ஸ் டெரெல் என்ற ஆய்வாளர் அத்தகைய பொருளுக்கு ‘பாக்டீரியா தின்னி’ என்ற பொருளில் பெயர் வைத்தார். 1924-இலேயே அழுகிய முட்டைக்கோஸிலிருந்து வடித்த நீர், அந்த அழுகலை உண்டாக்கும் பாக்டீரியாவைத் தடுப்பது அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. ஆனால், ஆன்டிபயாட்டிக் மருந்துகள் வந்தபோது இந்த ஆய்வுகள் ஓரங்கட்டப்பட்டன.

இப்போது காற்று திரும்பியிருக்கிறது. தாமிரத்துக்கும் ஸ்ட்ரெப்டோமைசினுக்கும் பல பாக்டீரியாக்கள் பழகிவிட்டன. மனிதருக்குத் தேவைப்படும் ஆன்டிபயாட்டிக்கை வயலில் தெளித்தால், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகி நம் மருத்துவமனைகளுக்கே திரும்பும் என்ற அச்சமும் உண்டு. பயிர்களில் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் பயன்பாட்டைப் படிப்படியாகத் தடுக்கும் வரைவு ஆணையை இந்திய அரசு 2021 இறுதியில் வெளியிட்டது. அமெரிக்காவிலோ, தக்காளி, மிளகாயில் வரும் பாக்டீரியாப் புள்ளி நோய்க்கான ஃபேஜ் மருந்து ஒன்று 2005-இலேயே பதிவு பெற்றுவிட்டது.

ஃபேஜ் செய்யும் வேலை எளிது. தனக்கேற்ற பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு, தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்தும். உள்ளே அதன் நகல்கள் பெருகும். ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாக்டீரியா வெடித்து, புதிய ஃபேஜ்கள் அடுத்த இரையைத் தேடலாம். மனிதனையோ செடியையோ மண்புழுவையோ இது தாக்காது.

சீனாவின் நான்ஜிங் வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முடிவு கவனிக்கத்தக்கது. பல வகை ஃபேஜ்களைக் கலந்து கொடுத்தபோது, தக்காளி வாடல் நோய் 80 விழுக்காடு வரை குறைந்தது. ஃபேஜுக்குத் தப்பிய பாக்டீரியாக்களும் பலவீனமாகவே இருந்தன. தப்பிப்பதற்கு அவை கொடுத்த விலை அது.

மந்திரத் தண்ணீர் அல்ல

நம்பிக்கையோடு எச்சரிக்கையும் தேவை. ஒரு ஃபேஜ் ஒரு வகை பாக்டீரியாவை மட்டுமே, சில வேளை அதிலும் சில ரகங்களை மட்டுமே கொல்லும். கடும் வெயிலில் சில மணி நேரத்திலேயே செயலிழந்துவிடும்; அதனால் மாலையில்தான் தெளிக்க வேண்டும். எல்லா ஃபேஜும் நல்லதும் அல்ல. ரால்ஸ்டோனியாவைத் தொற்றும் ஒரு ஃபேஜ், அதைக் கொல்வதற்குப் பதிலாக நோய் உண்டாக்கும் வீரியத்தைக் கூட்டுவதை ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின. ஆய்வகத்தில் சோதிக்காத எதையும் செடிக்கு ஊற்றுவது ஆபத்து என்பதற்கு இதுவே சான்று.

செம்பனையைச் சாய்க்கும் கனோடெர்மா பூஞ்சை. வாழையின் பனாமா வாடல் நோயும் பூஞ்சை. மிளகாய் இலை சுருளுவது பெரும்பாலும் வைரசாலோ பூச்சியாலோ. இவை எதற்கும் ஃபேஜ் உதவாது. ‘எல்லா நோய்க்கும் ஒரே பாட்டில்’ என்று யாராவது விற்க வந்தால், 1974-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் அது பதிவு பெற்றதா என்று முதலில் கேட்க வேண்டும்.

யாருக்குக் கிடைக்கும்?

உண்மையான கேள்வி இதுதான். ஃபேஜ் இவ்வளவு குறுகலாக வேலை செய்வதால், அமெரிக்காவில் தயாரான பாட்டில் மலாக்கா மண்ணில் உள்ள பாக்டீரியாவுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. இந்த மண்ணிலிருந்தே ஃபேஜைப் பிரித்தெடுத்து, சோதித்து, பெருக்க வேண்டும். சிறு சந்தைக்காகப் பெரிய நிறுவனங்கள் இதைச் செய்ய முன்வருவது கடினம். செர்டாங்கில் உள்ள மார்டி, புத்ரா பல்கலைக்கழகம் போன்ற பொது நிறுவனங்கள்தான் செய்ய முடியும்.

ஆய்வுக்கு மாதிரி எடுக்க வருபவர்கள் பதிவு பெற்ற விவசாயியிடம்தான் முதலில் போவார்கள். தோட்ட நிர்வாகத்தின் நிலத்தில், வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போடும் பால்மரத் தொழிலாளியின் வாரிசுகள் எந்தப் பட்டியலில் இருப்பார்கள்? பட்டியலில் இல்லாதவரின் நோயும் கணக்கில் வராது. கணக்கில் வராத நோய்க்கு மருந்து தேடப்படுவதில்லை. ஆலய நிர்வாகங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் சேர்ந்து மாவட்ட விவசாய அலுவலகத்தை அணுகினால், தனி ஆளின் கத்தரிச் செடி ஒரு வட்டாரத்தின் பிரச்சினையாகப் பதிவாகும்.

அதுவரை செய்யக்கூடியவை உண்டு. வாடிய செடியின் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடிக் குவளையில் உள்ள தெளிந்த நீரில் தொங்கவிட வேண்டும். சில நிமிடங்களில் பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தச் செடியை வேரோடு அகற்றி எரிக்க வேண்டும்; உரக் குழியில் போடக் கூடாது. அந்தப் பாத்தியில் மீண்டும் கத்தரி, தக்காளி, மிளகாய் போடாமல் சோளம் போடலாம். இந்நோயை நன்கு தாங்கும் சுண்டைக்காய்ச் செடியின் மேல் கத்தரி, தக்காளியை ஒட்டுக் கட்டுவதும் பலன் தரும். வாழையில் கடைசிச் சீப்பு வந்ததும் பூவை ஒடித்துவிட வேண்டும். கத்தி படாமல் கையால் ஒடிப்பது நல்லது. பொரியலுக்கும் ஆயிற்று, பூச்சி வரும் வழியும் அடைபட்டது. மரத்துக்கு மரம் போகுமுன் பாராங்கைக் குளோரோக்ஸ் கலந்த நீரில் முக்கி எடுக்க வேண்டும்.

ஃபேஜ் வரும் நாளில்கூட இந்தப் பழக்கங்கள் இல்லாமல் அது வேலை செய்யாது. அது வரும்போது மலாக்காவின் சிறு தோட்டக்காரர் பட்டியலில் இருக்க வேண்டுமானால், இன்று வாடிய செடியைப் பற்றி இன்றே அலுவலகத்தில் சொல்லியிருக்க வேண்டும்.