நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமா?

சகோதரிகளே, போன இதழில் ஊறுகாய் ஜாடியைப் பற்றி எழுதியவள் இந்த இதழில் வண்டி வாங்குவதைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். ஜாடி வாங்கினால் தட்டிப் பார்க்கிறோம், மூடி பொருந்துகிறதா என்று பார்க்கிறோம், உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கிறோம். ஆறு லட்ச ரூபாய்க்கு வண்டி என்றால் மட்டும், ஆம்பிளைகள் பேசி முடிக்கட்டும் என்று காப்பி போடப் போய்விடுகிறோம். 2024 தை மாசம் வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன்.

என் மாமனார் பட்டாளத்தில் டிரைவர். எழுபதுகளில் லடாக்கில், லே பக்கத்தில் ஜோங்கா ஓட்டினார். ஜோங்கா என்பது 1969-லிருந்து ஜபல்பூரில் ராணுவத்துக்கென்றே செய்த, நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. அங்கிருந்து அவர் எழுதிய கடிதங்கள், 56 ஏ.பி.ஓ. விலாசத்தோடு, அத்தையின் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. மாமா போய்ப் பன்னிரண்டு வருஷமாயிற்று. அத்தைக்கு எழுபது வயசு. "அந்தப் பனிமலைய ஒருக்கா கண்ணால பாத்துட்டாப் போதும் கண்ணு" என்று ஒரு நாள் சாப்பிடும்போது சொல்லிவிட்டார். இவர் அதைப் பிடித்துக் கொண்டார்.

விமானத்தில் கூட்டிக் கொண்டு போகலாமே என்றேன். "அப்பா போன தடத்துலயே போகோணும்" என்றார் இவர். எங்கள் டாக்டரும் அதற்குத் தோதாக ஒன்று சொன்னார். லே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விமானத்தில் போய்ப் பொத்தென்று அங்கே இறங்குவதைவிட, வழியில் தங்கித் தங்கி ஏறினால் வயசானவர்களுக்கு உடம்பு பழகும் என்றார். சரி, சாலை வழிதான் என்று முடிவாயிற்று. ஈரோட்டிலிருந்து சேலம், பெங்களூர், ஹைதராபாத், நாக்பூர், ஆக்ரா, தில்லியைத் தொட்டு மணாலி, அப்புறம் மலை. போக வர ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர். நாங்கள் நாலு பேர்: இவர், நான், அத்தை, பிளஸ் டூ முடிக்கப் போகிற பையன்.

இருந்த சின்னக் கார் பழசு. தோட்டத்துக்கும் ஒரு வண்டி தேவைதான். ஐப்பசி மழையில் எங்கள் இட்டேரியில் டிராக்டர் தவிர எதுவும் நுழையாது. அதனால் நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி ஒன்று வாங்குவது, மஞ்சள் விற்ற பணத்தில் ஆறு லட்சத்துக்கு மேல் ஒரு பைசா தொடக் கூடாது என்று பேசிக் கொண்டோம். பாக்கிப் பணம் பையனின் காலேஜுக்கு.

இவருக்கு ஆசை முழுக்க பட்டாளத்து ஏல வண்டி மேல். கோயமுத்தூரில் ஒருத்தர் ஏலத்தில் எடுத்துப் பச்சைப் பெயிண்ட் பளபளக்க நிறுத்தி வைத்திருந்த பெட்ரோல் ஜிப்ஸியைப் பார்த்ததும் அப்பாவையே பார்த்த மாதிரி நின்றுவிட்டார். ஜிப்ஸி கெட்டிக்கார வண்டிதான், மறுக்கவில்லை. எடை குறைவு, சேற்றில் ஆடு மாதிரி ஏறும். ஆனால் அந்த வண்டியில் பின்னால் இரண்டு பெஞ்சு, அதுவும் பக்கவாட்டில். ஆளுக்கு ஆள் முகம் பார்த்து உட்கார வேண்டும். அடியில் நம் வில் வண்டியில் இருக்கிற மாதிரி அடுக்குப் பட்டைதான். பெல்ட் கிடையாது.

நான் ஒன்றும் பேசவில்லை. அத்தையை ஒரு நடை அதில் உட்கார வைத்துச் சுற்றிக் காட்டச் சொன்னேன். ஒன்பது கிலோமீட்டர். இறங்கினதும் இடுப்பைப் பிடித்துக் கொண்டு அத்தை கேட்டார், "உங்கப்பன் முன்னால உக்காந்து ஓட்டுனாரு சாமி. பின்னால உக்காந்தவன் எப்படி இருந்தான்னு யாராச்சும் கேட்டீங்களா?"

அதோடு அந்தப் பச்சை வண்டி போயிற்று. போனது நல்லதுக்குத்தான். தில்லியிலும் சுற்றுவட்டாரத்திலும் பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டியும், பதினைந்து வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த வண்டிக்கு இருபது வயசு. இந்த விதியில் அப்புறமும் மாற்றங்கள் வந்து கொண்டே இருக்கின்றன. வடக்கே போகிறவர்கள் கிளம்புகிற மாசத்தில் என்ன நிலைமை என்று கேட்டுக் கொள்ளுங்கள். மாட்டினால் பாதி வழியில் வண்டியைக் கழட்டி விட்டுவிட்டு நிற்க வேண்டியதுதான்.

அடுத்து 2010-க்கு அப்புறம் வந்த முதல் வகைத் தார் ஒன்று பார்த்தோம். டீசல், நல்ல பலம், பையன் குதித்தான். அதிலும் பின்னால் பக்கவாட்டு பெஞ்சுதான். மேலே கேன்வாஸ் துணி. நாக்பூர் ஜூன் வெயிலில் துணிக்கடியில் அத்தையா? வேண்டாம் என்று பார்த்த இடத்திலேயே திரும்பிவிட்டோம்.

மூன்றாவது வண்டியைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கம்பெனி பேர் வேண்டாம். சென்னையிலிருந்து ஒரு தரகர் கொண்டு வந்தார். சந்தை விலைக்கு ஒரு லட்சம் குறைவு, கண்ணாடி மாதிரி பாலிஷ், உள்ளே மல்லிகை சென்ட். இவர் அட்வான்ஸ் எடுக்கப் பீரோவைத் திறந்துவிட்டார். நான் பின் கதவைத் திறந்து தலையை நீட்டினேன். சென்ட்டுக்கு அடியில் ஒரு வாடை. மழைக்காலத்தில் நனைந்த துணியை மூட்டையாகக் கட்டி வைத்து மறந்து போவோமே, அந்த வாடை. கால்மிதியைத் தூக்கினேன். அடியில் இருந்த பஞ்சு ஈரம். சீட்டைத் தாங்குகிற இரும்பில் செங்கல் நிறத்தில் துரு. பையனைக் கூப்பிட்டு சீட் பெல்ட்டை முழுசாக இழுக்கச் சொன்னேன். கடைசி ஒரு முழத்தில் காப்பி சிந்தின மாதிரி கறை, கோடு போட்டு நின்றது. ஸ்டெப்னி வைக்கிற குழியில் விரலை விட்டால் மாவு மாதிரி வண்டல்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் முழுகின வண்டிகள் எத்தனை! அதில் ஒன்று இது. "மழைத் தண்ணி கொஞ்சம் பட்டிருக்குமுங்க" என்றார் தரகர். கழுத்தளவு நின்றவன் காலில் கொஞ்சம் நனைந்தேன் என்கிற கதை. தண்ணீரில் முழுகின வண்டியின் ஒயர்கள் இன்றைக்கு ஓடும், நாளைக்கு எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் நின்றிருந்தால்? இவர் அன்றைக்கு ராத்திரி சோறு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து எந்த வண்டி பார்க்கப் போனாலும், "அம்மிணி, நீயும் வா" என்பார்.

அப்புறம்தான் எங்கள் மெக்கானிக் தம்பியிடம் போய் உட்கார்ந்து, இந்த நாலு சக்கரம் இழுக்கிற சங்கதி என்னதான் செய்கிறது என்று கேட்டேன். முன்னாடியே கேட்டிருக்க வேண்டும். சாதாரண வண்டியில் என்ஜினின் பலம் இரண்டு சக்கரத்துக்கு மட்டும் போகிறது. அவை சேற்றிலோ மணலிலோ வழுக்கினால் வண்டி அப்படியே நின்றுவிடும். நாலுக்கும் போனால், பிடி கிடைத்த சக்கரம் வண்டியைத் தள்ளிவிடும். "ஆனா அக்கா, இது கிளம்பறதுக்குத்தான். நிக்கறதுக்கு இல்ல. பிரேக் எல்லா வண்டிக்கும் ஒண்ணுதான்" என்றார். நாலு சக்கரம் இருக்கிறது என்று இறக்கத்தில் வேகமாகப் போகிறவர்கள்தான் பள்ளத்தில் கிடக்கிறார்களாம்.

இன்னொன்றும் சொன்னார். பழைய ஜீப் வகைகளில் ஒரு குட்டி லீவரைப் போட்டு நாலு சக்கரத்தையும் இணைப்பார்கள். அதைப் போட்டுக் கொண்டு காய்ந்த தார் ரோட்டில் ஓட்டக் கூடாது. ஏன் என்றேன். கும்மி அடிக்கும்போது உள் வட்டத்தில் இருப்பவள் மெதுவாக அடி வைப்பாள், வெளி வட்டக்காரி எட்டி நடக்க வேண்டும், இல்லையா? திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் அப்படித்தான், வேறு வேறு தூரம் சுற்றுகின்றன. இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் போட்டால், மண்ணில் வழுக்கிச் சரி செய்து கொள்ளும். தாரில் வழுக்க முடியாது, உள்ளே இருக்கிற பல்லும் ராடும் முறுக்கிக் கொள்ளும். 'எப்போதும் நாலு சக்கரத்திலேயே ஓட்டினோம்' என்று விற்கிறவர் பெருமையடித்தால், வாங்குகிறவருக்கு அது நல்ல சேதி இல்லை.

கடைசியாகக் கிடைத்தது டஸ்டர். 2014-ல் நாலு சக்கர வகையில் வந்தது. அந்தப் பழைய டஸ்டர் விற்பனை 2022-ல் நின்றுபோயிற்று. எங்களுடையது 2017, டீசல். தில்லிப் பத்து வருஷக் கணக்குக்குள் அடங்கியது. ஜீப்புக்கு இருக்கிற மாதிரி மலையேற்றக் குட்டிக் கியர் இதில் இல்லை. கரடுமுரடான பாறையில் ஏறுகிறவர்களுக்கு இது போதாது என்பார்கள். நாம் என்ன பாறையிலா ஏறப் போகிறோம்? ஒரு திருகு இருக்கிறது. ஒரு பக்கம் திருப்பினால் இரண்டு சக்கரம், நடுவில் வைத்தால் தேவைப்படும்போது தானே நாலும், அந்தப் பக்கம் திருப்பினால் நாலையும் இணைத்தபடி. டர்போ என்ஜின் என்பதும் ஒரு நன்மை. வழியில் தங்லங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்று மெலிந்து மனுஷருக்கு மூச்சு வாங்குவது போல என்ஜினுக்கும் வாங்கும். டர்போ இல்லாதவை கிட்டத்தட்ட பாதி பலத்தை இழந்துவிடும்.

ஆனால் நான் தலையாட்டியது இதற்கெல்லாம் இல்லை. அத்தையைக் கூட்டிப் போய்ப் பின் சீட்டில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தேன். புடவை தடுக்காமல் ஏற முடிகிறதா என்று பார்த்தேன். எங்கள் வீட்டுத் திண்ணைப் படி உயரம்தான். முன் பார்த்த சீட், சாய்மானம், பெல்ட். குண்டும் குழியுமான தடத்தில் போய்வந்து இறங்கி, "இதுல தூங்கலாம் அம்மிணி" என்றார் அத்தை. அவ்வளவுதான்.

டயர் விஷயம் மட்டும் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டயரின் பக்கத்தில் நாலு எண் இருக்கும். 2318 என்றிருந்தால் 2018-ம் வருஷம் 23-ம் வாரம் செய்தது. மசாலாப் பொட்டலத்தில் தேதி பார்க்கிற நமக்கு இது கஷ்டமா? எங்கள் வண்டியில் முன்னால் இரண்டு புதுசு, பின்னால் இரண்டு தேய்ந்தது, வேறு கம்பெனி. நாலு சக்கரம் இழுக்கிற வண்டியில் அது ஆகாது. தேய்ந்த டயர் சுற்றளவில் குறைந்து போவதால் ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் சுற்றி, இணைக்கிற பாகத்துக்கு ஓயாத வேலை வைக்கும். நாலையும் ஒரே மாதிரி மாற்ற 38,000 ரூபாய் ஆயிற்று. டைமிங் பெல்ட், பிரேக் பேடு, ரேடியேட்டருக்குப் பச்சைத் தண்ணீருக்குப் பதில் உறையாத கூலன்ட், எல்லாம் சேர்த்து 27,000. வண்டி 5,30,000. ஆறு லட்சத்தில் ஐயாயிரம் மிச்சம்! முந்தின சொந்தக்காரர் பைனான்ஸ் கட்டி முடித்த கடிதத்தைக் கையில் வாங்கின பிறகுதான் பணத்தைக் கொடுத்தோம்.

ஜூன் மாசம் கிளம்பினோம். வழிக்குக் கட்டிப் போன புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி கதை அடுத்த இதழில். மணாலியில் இரண்டு ராத்திரி, 2020-ல் திறந்த அடல் சுரங்கம் தாண்டி ஜிஸ்பாவில் இரண்டு ராத்திரி தங்கினோம். தலைவலியோ வாந்தியோ வந்தால் மேலே ஏறாமல் கீழே இறங்கிவிடுவது என்று டாக்டரிடம் சொல்லி வைத்திருந்தேன். கடவுள் புண்ணியத்தில் அத்தைக்கு ஒன்றும் வரவில்லை, பையனுக்குத்தான் ஒரு நாள் தலைவலி. நடுவில் தாண்டி என்றொரு ஊர், பெயரே அப்படித்தான். அடுத்த பெட்ரோல் பங்க் 365 கிலோமீட்டர் என்று பலகை வைத்துப் பேர் வாங்கிய ஊர். அங்கே ஐம்பது லிட்டர் டாங்கியை நிரப்பிக் கொண்டோம். அந்தப் பச்சை வண்டியாக இருந்திருந்தால் பெட்ரோல் கேனை அத்தை காலடியில் வைத்துக் கொண்டுதான் போயிருக்க வேண்டும்.

உண்மையைச் சொல்லி விடுகிறேன். எங்களோடு அந்த மலையில் சாதாரணக் கார்களும் வந்தன, போயின. அந்தத் திருகை இவர் கடைசிப் பக்கம் திருப்பியது மொத்தம் மூன்றே தடவை. மூன்றையும் கூட்டினால் பத்து கிலோமீட்டர் தேறாது. திரும்பி வரும்போது, பாரலாச்சா கணவாய் இறங்கி வருகிற இடத்தில் ஒரு ஓடை. காலையில் கணுக்கால் அளவு இருப்பது, வெயிலில் பனி உருகி மத்தியானத்துக்கு மேல் முழங்கால் அளவாகிவிடும். நாங்கள் வந்தபோது மணி நாலு. ஒரு சின்னக் கார் நடு ஓடையில் கூழாங்கல்லில் சக்கரம் வழுக்கி நின்றது. உள்ளே இருந்த பெண் கைக்குழந்தையை மார்போடு அணைத்துக் கொண்டிருந்தாள். லாரிக்காரர்கள் கயிறு போட்டு இழுத்தார்கள். அதற்கப்புறம் எங்கள் முறை. இவர் திருகைத் திருப்பி, முதல் கியரில், நிறுத்தாமல், அவசரப்படாமல் இறங்கினார். தண்ணீர் கதவுக்கு அடியில் தடதடவென்று மோதியது. நான் கண்ணை மூடிக் கொண்டேன். திறந்தபோது அக்கரையில் இருந்தோம்.

திரும்பிப் பார்த்தால் அத்தை தூங்கிக் கொண்டிருந்தார்.

வண்டி இப்போது தினமும் தோட்டத்துக்குப் போய் வருகிறது. போன ஐப்பசியில் இட்டேரியில் ஒரு தடவைகூட சிக்கவில்லை. பின் சீட்டில் இடது பக்கத்து ஜன்னலை மட்டும் அத்தை யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை, சந்தைக்குப் போனாலும் சரி, பேரன் கெஞ்சினாலும் சரி.