கல்லை எண்ணிய பிறகு காசை எண்ணுங்கள்

கேள்வி: "ராஜபாளையத்தில் நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலையில், மனைவி வழியில் மைத்துனர் முறை உள்ள ஒருவர் 1 ஏக்கர் 20 சென்ட் தென்னந்தோப்பையும் அதிலுள்ள வீட்டையும் விற்கிறார். கிணறும் இருக்கிறது. சர்வேயரை வைத்து அளந்துகொள்ளலாம் என்று சொன்னதும், 'நமக்குள்ள எதுக்கு மாப்பிள்ளை அளவு?' என்று அவர் முகம் சுண்டிவிட்டது. அளக்காமல் வாங்கலாமா? வீட்டையும் யாரிடமாவது காட்ட வேண்டுமா?"

– வாசகர், ராஜபாளையம்.

பதில்: அளக்காமல் வாங்கக் கூடாது. சொந்தக்காரரிடம் வாங்கும்போது கட்டாயம் அளக்க வேண்டும். வெளியாளோடு எல்லைத் தகராறு வந்தால் வழக்கோடு போகும். சொந்தத்தில் வந்தால் கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு வரைக்கும் அது கூடவே வரும். வாங்கும் முன் அளப்பது சொந்தத்தைச் சந்தேகப்படுவது ஆகாது. அது சொந்தத்தைக் காப்பாற்றும் வழி. இதை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்.

பத்திரம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

பத்திரம் பதிந்துவிட்டால் அரசாங்கமே நிலத்தை உறுதி செய்துவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அது உண்மையல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம்தான் பதிவாகிறது. அங்கிருந்து யாரும் தோப்புக்கு வந்து நாடா பிடித்துப் பார்ப்பதில்லை. அப்பா பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட் என்று இருந்தால், மகன் பத்திரத்திலும் அதுவே எழுதப்படும். இடையில் ஓடை கரையை அரித்திருக்கலாம், பக்கத்துக் காட்டுக்காரர் வரப்பைத் தள்ளியிருக்கலாம், சாலை அகலமாகியிருக்கலாம். பத்திரத்துக்கு அதெல்லாம் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. பத்திரத்தில் எழுதிய பரப்புக்கும் செக்குபந்தியில் எழுதிய நான்கு எல்லைக்கும் முரண்பாடு வந்தால், நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்கின்றன. எல்லைக்குள் 112 சென்ட்தான் இருக்கிறது என்றால், பத்திரத்தில் 120 என்று எழுதியிருப்பதைக் காட்டி மீதி 8 சென்ட்டை வாங்கிவிட முடியாது. சென்ட் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, அந்த 8 சென்ட்டின் விலை 2,40,000 ரூபாய். இல்லாத நிலத்துக்குக் கொடுத்த காசு அது. அதற்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் வேறு கட்டியிருப்பார்கள்.

முதலில் காகிதம்

அளவருக்கு மனுப் போடும் முன் கையில் இருக்க வேண்டியவை: பட்டா, அ-பதிவேட்டுப் பகுதி, புல வரைபடம், வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரங்கள். முதல் மூன்றையும் தமிழக அரசின் மின் சேவை இணையதளத்தில் பார்க்கலாம். வில்லங்கம் பதிவுத் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். குறைந்தது 30 வருட வில்லங்கம் போட்டுப் பார்ப்பது நல்லது.

இந்த ஊருக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இணையதளத்தில் 'திருவண்ணாமலை' என்று கண்ணில் பட்டதும் அமுக்கிவிட்டால், அண்ணாமலையார் இருக்கும் மாவட்டத்துக்குப் போய்விடும். மலைமேல் சீனிவாசப் பெருமாள் இருக்கும் இந்தத் திருவண்ணாமலைக்கு, மாவட்டம் விருதுநகர், வட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து வர வேண்டும். வேறு ஊர் எண்ணுக்கு வில்லங்கம் போட்டு, 'ஒன்றுமில்லை' என்று வந்ததை நம்பி ஏமாந்துவிடக் கூடாது.

பழைய பத்திரங்களில் மாவட்டப் பெயரும் மாறி மாறி வரும். இந்த வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தது. பிறகு ராமநாதபுரம் மாவட்டம். 1985-இல் காமராஜர் மாவட்டம் பிரிந்தது. அதுவே 1997 முதல் விருதுநகர் மாவட்டம். எனவே மூன்று பத்திரத்தில் மூன்று மாவட்டப் பெயர் இருந்தால் பயப்பட வேண்டாம். புல எண் தொடர்ச்சியாக வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகள் புதிதாக எழுதப்பட்டன. அப்போது சில இடங்களில் பெயரும் பரப்பும் தவறாக ஏறிவிட்டன. தாய்ப் பத்திரத்தின் பரப்பும் பட்டாவின் பரப்பும் ஒத்துப் போகவில்லை என்றால், விற்பவர் அதைச் சரிசெய்து தந்த பிறகே பேச்சைத் தொடர வேண்டும்.

அளவுக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். ஆகவே 0.48.5 ஹெக்டேர் என்றால் 48.5 ஏர், அதாவது சுமார் 120 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பழைய வரைபடத்தில் நீளம் லிங்க் கணக்கில் இருக்கும்: 100 லிங்க் ஒரு சங்கிலி, ஒரு சங்கிலி 66 அடி, ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். மரக்கால் விதைப்பாடு, கோட்டை விதைப்பாடு என்று எழுதிய பழைய பத்திரத்தை வைத்து மட்டும் விலை பேச வேண்டாம். அந்த அளவு ஊருக்கு ஊர் மாறும்.

பட்டா தனிப் பட்டாவா, கூட்டுப் பட்டாவா என்பது அடுத்த கேள்வி. கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பி நாலு பேர் பெயர் இருந்தால், 'இந்த மூலை என்னுடையது' என்று ஒருவர் கை நீட்டிக் காட்டுவதற்குப் புல வரைபடத்தில் ஆதாரம் இருக்காது. உட்பிரிவு செய்து, தனி எண் வாங்கிய பிறகுதான் அந்த மூலைக்கு ஓர் எல்லை உண்டாகிறது. பாகப் பிரிவினையில் பெண் பிள்ளைகளின் பங்கு தீர்க்கப்பட்டதா என்பதையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு கல்

நிலத்தை அளக்க மனுக் கொடுக்க வேண்டியவர் பட்டாதாரர், அதாவது விற்பவர். வாங்கப் போகிறவர் பெயரில் மனு போகாது. அதனால்தான் மைத்துனரைச் சங்கடப்படாமல் சம்மதிக்க வைப்பது முக்கியம். மனுவை இப்போது இணையவழியிலும் போடலாம். கட்டணம் கட்டியபின் அளவர் தேதி சொல்வார். அந்தக் கட்டணத்தை வாங்குபவரே ஏற்றுக்கொண்டால் பேச்சு இன்னும் சுலபமாகும்.

அளக்கும் நாளில் பக்கத்து நிலக்காரர்கள் நாலு பேரும் இருக்க வேண்டும். அவர்களுக்குத் தகவல் போனதா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அவர்கள் இல்லாமல் நட்ட கல் அடுத்த மழைக்குள் காணாமல் போகும். அளவர் வருவதற்கு முன் வேலியோரப் புதரை வெட்டி, புல வரைபடத்தில் குறித்த பழைய கற்களைத் தேடி வைத்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. மூன்று புலங்கள் கூடும் இடத்துக் கல் மிக முக்கியம். அது அசையாமல் இருந்தால்தான் மற்றக் கற்களை அதிலிருந்து பிடிக்க முடியும். கல் நட்டதும் ஒவ்வொன்றையும் சுற்றி இருப்பவை தெரியும்படி படம் எடுத்து, அளவர் தரும் அறிக்கையின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

உரிமம் பெற்ற தனியார் அளவர்கள் கருவி வைத்து அளந்து தருகிறார்கள். அவசரத்துக்கு நிலவரம் தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் தகராறு என்று வந்தால் வருவாய்த் துறையின் அளவும் கல்லும்தான் பேசும். கைப்பேசியில் நடந்து அளக்கும் செயலியை நம்பி விலை பேசவே கூடாது. அதில் சில மீட்டர் தவறு சாதாரணம். 60 மீட்டர் நீள வரப்பில் 3 மீட்டர் பிசகினால் 180 சதுர மீட்டர், அதாவது சுமார் நாலரை சென்ட் கணக்கில் மாறிவிடும்.

கிணறும் வழியும் யாருடையவை?

அளவின்போது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம், கிணறு எந்தப் புல எண்ணில் விழுகிறது என்பது. கண்ணுக்குத் தோப்புக்குள் இருப்பதுபோலத் தெரியும் கிணறு, கல் நட்டுக் கயிறு பிடித்தால் ஆறடி வெளியே இருக்கும். விவசாய மின் இணைப்பு, கிணறு இருக்கும் புல எண்ணை வைத்துக் கொடுக்கப்படுவது. கிணறு அடுத்தவர் எண்ணில் விழுந்தால், தண்ணீரோடு மின் இணைப்பைப் பெயர் மாற்றுவதும் சிக்கலாகும். 120 சென்ட் தோப்பு கிணறில்லாமல் போனால் அது தோப்பாக நிற்காது. கூட்டுக் கிணறு என்றால் எத்தனை பங்கு, எத்தனை நாளைக்கு ஒருமுறை முறை வரும் என்பது பத்திரத்தில் இருக்க வேண்டும். கோடையில் ஒருமுறை கிணற்றை இறைத்து, எத்தனை மணி நேரத்தில் பழைய மட்டத்துக்கு ஊறுகிறது என்று பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது வழி. வண்டி போகும் பாதை வரைபடத்தில் பாதையாக இருக்கிறதா, அல்லது பக்கத்துக்காரர் பெருந்தன்மையால் விட்டதா? பல வருடம் புழங்கிய வழிக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. ஆனால் அதற்கு 20 வருடப் புழக்கத்தை நிரூபிக்க வேண்டும். அதைவிட, வாங்கும்போதே வழி உரிமையை எழுதி வாங்குவது எளிது.

மூன்றாவது புறம்போக்கு. கண்மாய்ப் பாசனப் பகுதியில் ஓடை, வாய்க்கால், கண்மாய் நீர்ப்பிடிப்பு ஆகியவை தோப்போரத்திலேயே வரும். வேலிக்குள் வளைத்துப் போட்டிருந்தாலும் அது விற்பவருடையது ஆகாது. அந்த இடத்தில் நிற்கும் பத்து தென்னைக்கும் விலை சொன்னால் கொடுக்க வேண்டாம். கோயில் நிலமும் அப்படித்தான். அ-பதிவேட்டில் கோயில் பெயர் இருந்தால், அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி இல்லாத விற்பனை செல்லாது. மேற்கே மலையடிவாரத்தை ஒட்டிய நிலமாக இருந்தால், வன எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் வனத் துறையில் கேட்டுக்கொள்ள வேண்டும். 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்ட வட்டாரம் இது.

கடைசியில் வீடு

வீட்டுக்கும் ஓர் அளவு உண்டு. முதலில் அது நிற்கும் இடம் நத்தமா, பட்டா நிலமா என்று பார்க்க வேண்டும். நத்தம் என்றால் அதற்கென நத்தம் பட்டா இருக்கும். வீட்டு வரி ரசீதும் மின் கட்டண அட்டையும் அங்கே குடியிருந்ததைக் காட்டுமே தவிர, இடம் யாருக்குச் சொந்தம் என்பதைக் காட்டாது.

கட்டடத்தை ஒரு பொறியாளரிடமோ, கைதேர்ந்த கொத்தனாரிடமோ காட்ட வேண்டும். வெள்ளையடித்துப் பளிச்சென்று இருக்கும் வீட்டை, ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஒருமுறை பார்த்தால் உண்மை தெரியும். கவனிக்க வேண்டியவை இவை:

ஜன்னல், நிலை மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு, அஸ்திவாரம் இறங்கியதைக் காட்டும். கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் வெடிக்கும் மண். அதன்மேல் ஆழமில்லாமல் போட்ட அஸ்திவாரம் வருடா வருடம் அசையும். அந்த வெடிப்பைப் பூசி மறைக்கலாம், நிறுத்த முடியாது.

சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்திருந்தால், தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள்.

கான்கிரீட் கூரையில் பழுப்புக் கறையோ, காரை பெயர்ந்து கம்பியோ தெரிந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது. ஓட்டு வீடானால் உத்தரமும் சட்டமும் தாங்குமா என்று மேலே ஏறிப் பார்க்க வேண்டும்.

நிலையையும் கதவையும் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான்.

இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவைக் கொத்தனாரிடம் எழுதி வாங்கி, விலையில் கழித்துப் பேசலாம். பழுது அதிகம் என்றால், வீட்டுக்கு விலை போடாமல் நிலத்துக்கு மட்டும் பேசுவதே நியாயம்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி

அளவு முடியும்வரை பெரிய தொகை கை மாறக் கூடாது. கிரைய ஒப்பந்தம் போட்டால் அதைப் பதிவு செய்ய வேண்டும். 2012-இல் வந்த சட்டத் திருத்தப்படி தமிழகத்தில் அது கட்டாயம். அந்த ஒப்பந்தத்தில், 'அரசு அளவர் அளந்து வரும் பரப்புக்கு, சென்ட் ஒன்றுக்கு இவ்வளவு' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்ல வேண்டும். 112 சென்ட் வந்தால் 112-க்கு விலை. 123 வந்தால் 123-க்கு. மைத்துனரிடம் சொல்லிப் புரியவைக்க இந்த ஒரு வரியே போதும். கூடுதலாக இருந்தால் லாபம் அவருக்கும்தான். கிரையப் பத்திரத்தில் செக்குபந்தியோடு புல வரைபட நகலையும் இணைத்துவிட்டால், நாளைக்குப் பிள்ளைகள் காலத்தில் கேள்வி வராது.

பதிவு முடிந்ததும் பட்டா மாற்றத்தைத் தள்ளிப் போடக் கூடாது. பிறகு வருடம் ஒருமுறை, புரட்டாசிச் சனிக்கிழமை பெருமாளைக் கும்பிட மலைக்குப் போகும்போது, தோப்பையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து கற்களை எண்ணிப் பார்த்துவிட வேண்டும். சாய்ந்த கல்லை அன்றைக்கே பக்கத்துக்காரரை அழைத்துக் காட்டிவிட்டால், அது தகராறாக வளராது.

வாழ்நாள் உழைப்பின் ஓய்வுக்கால பணம் இது. அளவு நாளன்று இரு வீட்டாரும் தோப்பில் நிற்கட்டும். கல் நட்டு முடிந்ததும் மைத்துனர் வெட்டிக் கொடுக்கும் இளநீரைச் சேர்ந்து குடித்துவிட்டு வந்தால், நிலமும் தெளிவாகும், சொந்தமும் நிலைக்கும்.