கடல் கடந்தவர்க்குத் தவணை உண்டா?



1956-ஆம் ஆண்டில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிய பின்னர், தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் மக்கள் வேலை தேடி இப்பகுதிக்கு வந்து குடியேறினர். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று வளைகுடா நாடுகளிலும், சிங்கப்பூரிலும், அமெரிக்காவிலும் பணி செய்கின்றனர். வேலை தேடி ஒரு தலைமுறை இங்கு வந்தது. அடுத்த தலைமுறை வேலை தேடி இங்கிருந்து புறப்பட்டது. வடலூரைச் சுற்றியுள்ள நம் குடும்பங்களில் கடல் கடந்த உறவு இல்லாத வீடு அரிது.

ஜூலை மாதம் பிறந்தால் இக்குடும்பங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. “சாமி, மகன் குவைத்தில் இருக்கிறான். வருமான வரிக் கணக்கை இந்த மாதத்திற்குள் கொடுக்க வேண்டுமாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் கூடுதல் காலம் உண்டென்று சொல்கிறார்களே, மெய்தானா?” என்று பெற்றோர் கேட்கின்றனர். அமெரிக்கச் சட்டத்தைக் குறித்துச் சொன்னால் அது மெய். நம் நாட்டுச் சட்டத்தைக் குறித்துச் சொன்னால் அது பொய். இவ்வேறுபாட்டை அறியாமையால் பணத்தை இழப்போர் உண்டு. ஆதலின் இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

முதலில் அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டுக் குடியுரிமையோ கிரீன் கார்டோ பெற்றவர், உலகில் எங்கு வருவாய் ஈட்டினாலும் அந்நாட்டு அரசுக்குக் கணக்குக் காட்டவேண்டும். அதற்குரிய கடைசி நாள் ஏப்ரல் 15. அந்நாளில் ஒருவருடைய இல்லமும், அவர் தொழில் செய்யும் முதன்மையான இடமும் அமெரிக்காவிற்கு வெளியே இருந்தால், அவர் கேளாமலேயே ஜூன் 15 வரை இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைக்கின்றது. தாம் அதற்குத் தகுதி உடையவர் என்று ஒரு குறிப்பெழுதிக் கணக்குடன் இணைத்தால் போதும். இன்னும் காலம் வேண்டுவோர் 4868 என்னும் எண்ணுள்ள படிவத்தைக் கொடுத்து அக்டோபர் 15 வரை பெறலாம். அதன் பின்னும் தேவைப்படின், காரணம் காட்டிக் கடிதம் எழுதி டிசம்பர் 15 வரை கேட்கலாம்; அதனை ஏற்பதும் மறுப்பதும் அதிகாரிகளின் விருப்பம். விடுமுறைக்கு ஒரு மாதம் ஊருக்கு வந்தவர் இச்சலுகைக்கு உரியவர் ஆகார்.

ஆயினும் இத்தவணை முழுவதும் கணக்கை எழுதிக் கொடுப்பதற்கே அளிக்கப்படுகின்றது. வரியைச் செலுத்துவதற்கு உரிய நாள் ஏப்ரல் 15-ஆகவே நிற்கின்றது. அந்நாளைக் கடந்து செலுத்தினால், தவணை பெற்றவரும் வட்டி கட்டவேண்டும். நெய்வேலியில் உள்ள வங்கியில் என்.ஆர்.ஈ. கணக்கில் போட்ட பணத்தின் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அதனால் அமெரிக்காவிலும் இல்லை என்று எண்ணி அவ்வட்டியைக் கணக்கில் விட்டுவிடுவோர் உண்டு. அந்நாட்டுச் சட்டத்தின்படி அதுவும் வருவாயே.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம், தணிக்கை தேவைப்படாத தனி மனிதர்க்கு ஜூலை 31-ஐக் கடைசி நாளாக வைத்தது. வடலூரில் வாழ்பவருக்கும் துபாயில் வாழ்பவருக்கும் அதே நாள்தான். அரசு சில ஆண்டுகளில் நாளை நீட்டியதுண்டு. கொரோனாத் தொற்றுக் காலத்தில், 2020-ல், அது பலமுறை தள்ளிப்போய் 2021 ஜனவரி 10-இல் முடிந்தது. 2025-ல் முதலில் செப்டம்பர் 15-க்கும், பிறகு ஒரு நாள் கூட்டி 16-க்கும் நீட்டப்பட்டது. இவை அனைத்தும் நாட்டார் அனைவர்க்கும் பொதுவாகத் தந்தவை. வெளிநாட்டில் இருப்போர்க்கென்று தந்தவை அல்ல. 2020-ல் காலத்தை நீட்டியபோதும், ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் வரி பாக்கி வைத்திருந்தவர்க்கு வட்டிச் சலுகை கிடையாது என்று அரசு தெளிவாகவே கூறிற்று. அமெரிக்காவில் கண்ட அதே கொள்கைதான்: எழுதுவதற்குத் தவணை உண்டு, கொடுப்பதற்கு இல்லை.

“வளைகுடாவில் வரியே கிடையாதே, என் மகன் ஏன் கணக்குக் கொடுக்கவேண்டும்?” என்று சிலர் கேட்கலாம். ஓர் ஆண்டில் 182 நாட்களுக்குக் குறைவாக இந்தியாவில் தங்கும் தொழிலாளியின் அயல்நாட்டுச் சம்பளத்தை நம் அரசு பொதுவாகத் தொடுவதில்லை. (இந்தியாவிலிருந்து வரும் வருமானமே 15 லட்ச ரூபாயைக் கடந்தவர்க்கு விதிகள் வேறு, அன்னார் ஆடிட்டரைக் கலந்துகொள்க.) ஆனால் இங்குள்ள வீட்டின் வாடகையும், இங்குள்ள என்.ஆர்.ஓ. கணக்கின் வட்டியும், இங்கு விற்ற மனையின் ஆதாயமும் இந்திய வருமானமே ஆகும். இவை வரம்பைக் கடந்தால் கணக்குக் கொடுப்பது கட்டாயம்.

வரம்பைக் கடவாதவர் பாடு இன்னும் கவனிக்கத்தக்கது. ஒரு கணக்கைப் பாருங்கள். ஒருவர் பல ஆண்டு உழைப்பில் மிச்சம் பிடித்த பணத்தை என்.ஆர்.ஓ. வைப்பில் இட்டிருக்கின்றார். 2024–25 நிதியாண்டில் அதற்கு ஒரு லட்ச ரூபாய் வட்டி வந்தது என்று கொள்வோம். வங்கி அதில் 30 விழுக்காடு வரியும், அவ்வரியின்மேல் 4 விழுக்காடு செஸ்ஸும் பிடித்துக்கொள்ளும். ஆக 31,200 ரூபாய் அரசுக்குப் போய்விட்டது. அவருக்கு இந்தியாவில் வேறு வருமானம் இல்லையானால், அந்த ஒரு லட்சம் வரிவிலக்கு வரம்பிற்குள் அடங்கியதே. அவர் கட்டவேண்டிய வரி ஒன்றும் இல்லை. பிடித்த 31,200 ரூபாயும் அவருக்குத் திரும்ப வரவேண்டிய பணம். ஆனால் கணக்குக் கொடுத்துக் கேட்டால்தான் வரும். தானாக வீடு தேடி வராது. கொத்தனார் வேலையோ ஓட்டுநர் வேலையோ செய்யும் ஒரு மகனுக்கு அது எத்தனை நாள் வியர்வை!

நாள் தவறினால் என்ன ஆகும்? மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31 வரை தாமதமாகக் கொடுக்க அச்சட்டம் இடம் தந்தது. தாமதக் கட்டணம் ரூ. 5,000, மொத்த வருமானம் 5 லட்சத்திற்கு உட்பட்டதானால் ரூ. 1,000, வரம்பிற்குக் கீழிருந்து பணத்தைத் திரும்பக் கேட்பவர்க்குக் கட்டணம் இல்லை. வரி பாக்கி உள்ளவர் மாதம் 1 விழுக்காடு வட்டியும் செலுத்தவேண்டும். டிசம்பர் 31-உம் கடந்தபின், ‘புதுப்பித்த கணக்கு’ என்று ஒன்று கொடுக்கலாம். ஆனால் அது பாக்கி வரியைக் கட்டுவோர்க்கு உரியது. அதைக் கொண்டு பணத்தைத் திரும்பக் கேட்க இயலாது. திரும்பக் கேட்போர்க்கு எஞ்சிய ஒரே வழி, தாமதத்தைப் பொறுத்தருளுமாறு 119-ஆம் பிரிவின்கீழ் வருமான வரி ஆணையர்க்கு விண்ணப்பிப்பது. மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 5 ஆண்டுகளுக்குள் அவ்வாறு விண்ணப்பிக்கலாம் என்று 2024 அக்டோபர் 1-ஆம் நாள் சுற்றறிக்கை கூறுகின்றது. உண்மையான இடர்ப்பாட்டை ஆதாரத்துடன் காட்டவேண்டும். “ஊரில் இல்லை” என்னும் சொல் மட்டும் போதாது.

அப்படியானால் வெளிநாட்டில் இருப்பவரை நம் சட்டம் முற்றிலும் மறந்துவிட்டதா? இல்லை. அது காலத்தைத் தரவில்லை. ஒரு கையைத் தந்திருக்கின்றது. கணக்கில் யார் ஒப்பமிடவேண்டும் என்று கூறும் 140-ஆம் பிரிவு, இந்தியாவில் இல்லாதவருக்காக அவரிடம் அதிகாரப் பத்திரம் பெற்ற ஒருவர் ஒப்பமிடலாம் என்கின்றது. மகன் இருக்கும் நாட்டின் இந்தியத் தூதரகத்தில் அப்பத்திரத்தைச் சான்றுபெற்று அனுப்பினால், அது வந்து சேர்ந்த 3 மாதத்திற்குள் இங்கு முத்திரைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்தலாம். அதன்பின் தந்தையோ மனைவியோ அவருடைய கடமையை அவர் பெயரால் நிறைவேற்றலாம்.

மற்றொரு சிக்கலும் உண்டு. கணக்கைக் கணினி வழியே அனுப்பிய 30 நாட்களுக்குள் அது தம்முடையதே என்று உறுதி செய்யவேண்டும். தவறினால் அனுப்பியது செல்லாது. ஆதார் வழியாக உறுதி செய்ய ஓ.டி.பி. எண் கைப்பேசிக்கு வரும். மகனோ விமானம் ஏறியபின் அந்த இந்திய எண்ணைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பான். அத்தகையவர் இணைய வங்கி வழியே உறுதி செய்யலாம். அல்லது ஒப்பமிட்ட ஐ.டி.ஆர்.-வி தாளைப் பெங்களூரில் உள்ள மையத்திற்கு அஞ்சலில் அனுப்பலாம். அயல்நாட்டிலிருந்து அஞ்சல் வந்து சேரும் நாளையும் எண்ணிப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வரி செலுத்துதல் மனச்சான்றைக் கட்டும் கடமை என்று நம் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2240-ஆம் எண்ணில் கற்பிக்கின்றது. உரியதைக் கொடுப்பது எவ்வாறு கடமையோ, அவ்வாறே உரிமையானதைக் கேட்டுப் பெறுவதும் குடும்பத்திற்கு ஒருவர் செய்யும் கடமை. இரண்டிற்கும் தேவைப்படுவது ஒழுங்கான கணக்கு ஒன்றே. அக்கணக்கை எழுதுவதற்குத்தான் அரசுகள் தவணை தருகின்றன. கொடுக்காமல் தப்புவதற்கு அதனை ஒரு சாக்காகக் கொள்பவர், ஈற்றில் தம் பணத்தையே வட்டியாக இழக்கின்றார்.

ஆகவே, பயணம் புறப்படும் மகனுக்கோ மகளுக்கோ பெட்டி கட்டும்போதே சிலவற்றைச் செய்து முடியுங்கள். பழைய சேமிப்புக் கணக்கை வங்கியில் சொல்லி என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் செய்யுங்கள். இங்கு வாழ்வோர்க்கு உரிய 15-ஜி படிவத்தை அவர் பெயரால் கொடுக்காதீர்கள்; வெளிநாட்டில் வாழ்வோர் அதற்கு உரியவர் அல்லர். பான் கார்டின் படியும் வைப்புச் சீட்டுகளின் படியும் வீட்டில் ஓர் உறையில் இருக்கட்டும். இந்தியக் கைப்பேசி எண்ணை உயிரோடு வைத்திருங்கள். நம்பத்தக்க ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் தருவதைப் பற்றி முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள். பணத்தால் பிளவுண்ட உடன்பிறப்புகள் ஏற்கெனவே போதும். 2025-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கென வகுக்கப்பட்டது. அதில் பிரிவுகளின் எண்கள் வேறு. ஆதலின் ஒவ்வோர் ஆண்டும் கடைசி நாளையும் கட்டணத்தையும் ஆடிட்டரிடம் ஒரு முறை கேட்டுத் தெளிக.

வாரந்தோறும் தொலைபேசியில் பேசும்போது, “சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது?” என்று கேட்கின்றோம். மே மாதம் பிறந்ததும், “கணக்கெல்லாம் எடுத்து வைத்தாயா?” என்றும் கேட்டுவிடுங்கள். ஜூலைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும். அதைவிட நல்ல தவணை வேறில்லை.