சீட்டு கிழிஞ்சா சும்மா இருக்காதீங்க!

கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டிப் பழகிட்டு இருக்கீங்களா? இந்த வாரம் வேலை கிடைச்ச கதை இல்லை, போன கதை. நடந்தது அமெரிக்காவில்.

அங்கே தன் மேல தப்பு இல்லாம வேலையை இழந்தவருக்கு, மாநில அரசு கொஞ்ச காலம் வாராவாரம் உதவித்தொகை கொடுக்கும். 1932-ல் விஸ்கான்சின் மாநிலம் சட்டம் போட்டு ஆரம்பிச்சு வெச்சது. இதுக்கு வரி கட்டுறவர் முதலாளி. அவர்கிட்ட வேலை பார்த்தவங்க நிறைய பேர் உதவித்தொகை வாங்கினா, அவரோட வரி விகிதம் ஏறும். விடுவாரா? "அவரா வேலையை விட்டுட்டார்", "ஒழுங்கீனம், அதான் அனுப்பினோம்"னு ஆட்சேபம் கிளப்புவார்.

கலிஃபோர்னியாவில் ஜூடித் ஜாவாவுக்கு இதுதான் நடந்தது. 'உங்களுக்குத் தகுதி உண்டு'ன்னு அரசு அலுவலகம் சொல்லிடுச்சு. முதலாளி அப்பீல் போனார். உடனே பணம் கட்! அப்போ அந்த மாநிலச் சட்டமே அப்படித்தான். அப்பீல் முடிய வாரக்கணக்காகும். அதுவரைக்கும் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் எங்கே போறது? ஜாவா கோர்ட்டுக்குப் போனார். 'தகுதி உண்டுன்னு முடிவான பிறகு, முதலாளி அப்பீல் செய்தார் என்பதற்காக மட்டும் பணத்தை நிறுத்தக் கூடாது' என்று 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. கடைசியில் முதலாளி ஜெயிச்சா வாங்கினதைத் திருப்பிக் கட்ட வேண்டி வரலாம். ஆனா, நடுவுல பட்டினி கிடக்க வேண்டியதில்லை!

சரி, எதெல்லாம் ஒழுங்கீனம்? 1941-ல் ஒரு டாக்ஸி கம்பெனி வழக்கில் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் கோடு போட்டது: வேணும்னே விதியை மீறினாதான் ஒழுங்கீனம். திறமை போதலை, எப்பவோ ஒரு தடவை அசந்துட்டார் என்பதெல்லாம் அதில் சேராது. பல மாநிலங்கள் இதையே பிடிச்சுக்கிச்சு. பொதுவா, ஒழுங்கீனத்தை நிரூபிக்க வேண்டியதும் முதலாளிதான். விசாரணையில் ஊழியரும் ஆதாரம் காட்டலாம், எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்கலாம். ஆனா, கெடு தேதியை விட்டாலோ, விசாரணைக்கே போகாம இருந்தாலோ, நியாயம் உங்க பக்கம் இருந்தும் கேஸ் கோவிந்தா!

இதில் உங்களுக்கு என்ன பாடம்னு கேட்கிறீங்களா? நாளைக்கு எந்த ஊர்ல வேலை பார்த்தாலும், "ராஜினாமான்னு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடு, உனக்குத்தான் நல்லது"னு யாராவது பேப்பரை நீட்டினா, பேனாவை எடுக்காதீங்க. 'அவரா விட்டுட்டார்'ங்கிற அந்த ஒரு வரி அங்கே உதவித்தொகைக்கே உலை வெச்சிடும். ஆஃபர் லெட்டரைப் பத்திரமா வைக்கிற அதே ஃபைல்ல, அனுப்பும்போது கொடுத்த லெட்டரையும் வைங்க பாஸ்!